சாப்டியா வீடு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதுவது எனக்கு ஆகாத வேலை. ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் பேசி முடிவு செய்து பிரிந்துவிட்டோம். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் வேலை செய்கிற சுவரில் ‘பெயிண்ட் ஈறம், தொடாதே’ என்பது மட்டும்தான். அதையும் ஒரு டீச்சரம்மா நின்று திருத்திவிட்டு, கையில் பெயிண்டோடு போனார். ஆனால் நான் எழுதாவிட்டால் என் கூட்டாளி இந்தக் கதையை ஊர் பூராவும் சொல்லிவிடுவான். அவன் சொன்னால் ஏணியிலிருந்து விழுந்தது நான் என்று ஆகிவிடும். விழுந்தது அவன். அதற்காகவாவது எழுதித்தான் ஆகவேண்டும்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற வழியில் ஒரு ஓட்டு வீடு பூட்டியே கிடந்தது. முன்னால் வேப்பமரம், தெருவைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல். நான் பிறப்பதற்கு ரொம்ப நாள் முன்னால், அந்த வீட்டில் ஒரு பெண்ணைப் பட்டப்பகலில் யாரோ கொன்றுபோட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ‘புருஷன்தான்’ என்று ஊர் மட்டும் அடித்துச் சொல்லும். பிடித்துக்கொண்டு போனவர்கள் ஆதாரம் இல்லையென்று அவரை விட்டுவிட்டார்கள். அவர் ஊரை விட்டே போய்விட்டார்.

செத்துப்போன அந்தம்மாதான் போகவில்லை. ஜன்னலில் நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்களைப் பார்த்து “சாப்டியா?” என்று கேட்கும். இல்லையென்று சொன்னால் உள்ளே கூப்பிட்டு இலை போடும். அந்தச் சோற்றைத் தின்றவன் எழுந்திருக்க மாட்டான். அதனால் அந்த வீட்டைத் தாண்டும்போது, குரல் கேட்டாலும் கேட்காவிட்டாலும், “ஆச்சு” என்று சொல்லிவிடவேண்டும். வீட்டுக்குப் பேரே சாப்டியா வீடு.

சின்னப் பிள்ளைகள் மட்டும் சொல்வதாக நினைக்காதீர்கள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டையோடு போகிற பெரிய மனுஷர் சொல்வார். பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன் சொல்வார். பேயெல்லாம் சும்மா என்று மேடை போட்டுப் பேசுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் அவருக்கு இருமல் வரும், இருமலுக்கு நடுவில் ஒரு ‘ஆச்சு’ கேட்கும். பைக்கில் போன் பேசிக்கொண்டே போகிறவன் திடீரென்று “ஆச்சு” என்பான். அந்தப்பக்கம் இருக்கிறவள் “இன்னா ஆச்சு?” என்று பதறுவாள்.

நானும் கூட்டாளியும் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள். வேலையில்லாத நாளில் கோட்டைப் பக்கம் உட்கார்ந்திருப்போம். ராஜகிரி மலை ஏறி இறங்கி நாக்கு தள்ளி வருகிற வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது என் பொழுதுபோக்கு. சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. வெட்டுப்பட்ட கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மேலே சொருகி, “சாப்...டியா...” என்று நான் இழுத்தால், கையிலிருக்கிற கொய்யாவைக் குரங்கு பிடுங்குவதுகூடத் தெரியாமல் கேட்பார்கள்.

போன மாசம் எங்கள் மேஸ்திரி கூப்பிட்டார்.

“சாப்டியா வூட்டுக்குப் பட்டி பாத்து பெயிண்ட் அடிக்கணுமாம்டா. ஒருத்தனும் வரமாட்டேன்றான். நீங்க போறீங்களா?”

“பேய்க்கு இன்னா கலர் புடிக்கும்னு கேட்டு சொல்லுங்க மேஸ்திரி” என்றான் கூட்டாளி.

வாய் விட்டாயிற்று. இனிமேல் போகாமல் இருக்க முடியாது.

போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ பெருக்கும் சத்தம். வீட்டுக்குச் சொந்தக்காரரோ வாடகைக்கு வந்தவரோ, வேலை சொன்னவர் யாராக இருந்தால் என்ன என்று நாங்கள் வெளியே ஆரம்பித்தோம். நான் தொட்டியில் சுவர்ப் பள்ளம் அடைக்கிற பட்டி மாவைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அவன் ஏணியில் ஏறி ஜன்னலுக்கு மேலே ஒட்டடை அடித்தான். கம்பிக்கு அந்தப்பக்கம், அவன் முட்டிக்குப் பக்கத்தில், ஒரு பெண் குரல் கேட்டது.

“சாப்டியா தம்பி?”

“ஆச்சு! ஆச்சு! ஆச்சு!”

மூன்றாவது ‘ஆச்சு’ சொல்லும்போது அவன் தரையில் இருந்தான். ஏணி அவன்மேல் இருந்தது. நானும் ‘ஆச்சு’ சொன்னேன், மறைக்கவில்லை. ஆனால் நின்றுகொண்டே சொன்னேன். ஒரு வித்தியாசம் இருக்கிறதல்லவா?

துடைப்பத்தோடு ஒரு அக்கா வெளியே வந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும்.

“இன்னா ஊருப்பா இது? நான் வந்ததுலேர்ந்து யாரைக் கேட்டாலும் ஆச்சுன்றாங்க. பால்காரரு ஆச்சுன்றாரு. கரண்ட்டு குடுக்க வந்தவரு கேக்கறதுக்கு முன்னாடியே ஆச்சுன்றாரு. பக்கத்து வூட்டு அக்கா ஆச்சுன்னு கதவ சாத்துது. என் கையால ஒரு டீத்தண்ணி குடிக்க ஆளில்ல. வெஷமா வெக்கப் போறேன்?”

இப்படி ஒருவர் கேட்டால் என் வாய் சும்மா இருக்குமா? “உங்களுக்கு விஷயமே தெரியாதாக்கா?” என்று ஆரம்பித்தேன். ஜன்னல், இலை, எழுந்திருக்காதவன், எல்லாம் சொன்னேன். கூட்டாளி முட்டியைத் தேய்த்துக்கொண்டே பின்பாட்டு பாடினான். கடைசியில் கழுத்தைச் சாய்த்துக் கண்ணைச் சொருகினேன்.

“வெட்டு வாங்குன கழுத்த இப்டி சாச்சிக்கினு...”

“கழுத்துல இல்ல தம்பி” என்றார்.

நான் சாய்ந்த கழுத்தோடு அப்படியே நின்றேன்.

“நெத்தியில. அம்மிக் கொழவியால அடிச்சிருக்காங்க. வெட்டு கிட்டு எதுவும் இல்ல.”

“உங்களுக்கு எப்டிக்கா தெரியும்?”

“எங்கம்மா.”

கழுத்தை நேராக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பேய்க்கு முடியை விரித்துவிட்டேன், பல்லை நீட்டினேன். அதற்கு ஒரு பிள்ளை இருக்கும், அது வளர்ந்து, துடைப்பத்தோடு என் முன்னால் நிற்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கூட்டாளி மெதுவாக ஏணியை எடுத்து நிமிர்த்தி வைத்தான். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். டீயில் ஆடை படிந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போதும் நாங்கள் குடிக்கவில்லை.

மத்தியானம் கூடத்தில் சுவர் தேய்த்துக்கொண்டிருந்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து மாலை போட்ட ஒரு போட்டோவை எடுத்துவந்து, ஒரு ஆணி அடித்துத் தரச் சொன்னார். முறுக்கு மீசை வைத்த ஒருவர்.

“அப்பாவாக்கா?”

“மாமா. எங்கம்மாகூடப் பொறந்த தம்பி. அம்மா சாவறப்ப நான் பால்வாடி போறேன். அப்பலேர்ந்து இவருதான் வல்லத்துல வெச்சி வளத்தாரு. இவரு மடியில உக்காத்தி வெச்சித்தான் எனக்குக் காது குத்துனாங்க. கல்யாணம் பண்ணி வெச்சதும் இவருதான்.” சேலை முந்தியால் போட்டோக் கண்ணாடியைத் துடைத்தார். “எங்கம்மா யாரையுமே மரியாத இல்லாம பேசாதாம். கீர விக்கற பையனக்கூட வாப்பான்னுதான் கூப்புடுமாம். ‘என்ன ஒருத்தனத்தான் டா போட்டு கூப்புடும் எங்கக்கா’ன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு. ‘அன்னிக்கி நான் அந்த வூட்டுப் பக்கமே போவல, போயிருந்தா எங்கக்கா உயிரோட இருந்திருக்கும்’ன்னு அழுவாரு.”

நான் ஆணி அடித்து, போட்டோவை மாட்டி, கோணல் பார்த்து நேராக்கினேன். “மீச சூப்பர்க்கா” என்று வேறு சொன்னேன்.

அப்புறம் அவரே சொன்னார். அப்பா செத்துவிட்டார் என்றுதான் மாமா சொல்லி வளர்த்திருக்கிறார். மாமாவின் கருமாதிக்குச் சாப்பிட வந்த யாரோ ஒருவர்தான், ‘உங்கப்பன் அவலூர்பேட்ட சந்தையில மூட்ட தூக்கினு இருக்கான்’ என்று உடைத்திருக்கிறார். அக்கா தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். பெரியவரால் இப்போது மூட்டை தூக்க முடியவில்லை. சந்தைத் திண்ணையிலேயே படுக்கை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடவேண்டும்.

“நாளைக்கி இட்டுனு வரேன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வந்து இங்க படுத்தா தூக்கம் வரல. நான் கொல்லலம்மான்றாரு. எப்டி நம்பறது? எங்கம்மா கடைசியா சாப்டியான்னு யாரையோ கேட்டது தெருவுல போன ஒருத்தர் காதுல வுழுந்திருக்குது. வூட்டுக்கு வந்து சாப்புடறவன் புருஷன் தவிர யாரு? அத வெச்சித்தான் அப்பாவப் புடிச்சாங்க. சந்தைக்குப் போயிருந்தேன்னு அவரு சொன்னத யாரும் நம்பல. மாமாவும் அதயேதான் சொல்லுவாரு, உங்கப்பனுக்குத்தான் எங்கக்கா சோறு போட்டுச்சின்னு.” துடைப்பத்தை எடுத்து மூலையில் சாய்த்தார். “நாளைக்கி நான் சோறு போடப் போறது பெத்தவனுக்கா, எங்கம்மாவக் கொன்னவனுக்கா? அன்னிக்கி அந்தக் கொரலக் கேட்டவரு யாருன்னு தெரிஞ்சா, கால்ல வுழுந்தாவது கேப்பேன்.”

கூட்டாளி என்னைப் பார்த்தான். என் வாய் மூடியதை அவன் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்திருப்பான்.

கேட்டவர் எங்கள் நைனா.

ஊருக்கே தெரிந்த விஷயம் அது. பேயின் குரலைக் கேட்டும் பிழைத்தவர் என்று டீக்கடையில் நைனாவுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அந்த மரியாதையில் நானும் நிறைய ஓசி டீ குடித்திருக்கிறேன்.

“எங்க நைனாதான்க்கா” என்றேன்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை பட்டியில் பதிந்தது.

போன் போட்டேன்.

“நைனா, சட்டுனு கெளம்பி வா. வேப்பமரத்து வூட்டாண்ட.”

“எந்த வூடு?”

“சாப்டியா வூடு.”

“ஆச்சு” என்றார் நைனா போனிலேயே.

நைனா மொபெட்டில் வந்து மரத்தடியிலேயே நின்றுகொண்டார். வாசற்படியை மிதிக்கவில்லை. அக்கா வெளியே வந்து, “அண்ணா, நான் அந்தம்மா பொண்ணு” என்றார். நைனா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கி இன்னா கேட்டுச்சோ அத்த அப்டியே சொல்லுங்கண்ணா. ஒண்ணும் சேக்காம சொல்லுங்க.”

“மத்தியானம்மா. எனக்கு அப்ப கல்யாணம் ஆவல. சிங்கவரத்துல மல்லாட்ட புடுங்கினு இருந்தோம். ஆளுங்களுக்கு டீ வாங்க சைக்கிள்ல டவுனுக்குப் போனேன். இதே மரத்தாண்டதான் செயின் கழண்டுச்சி. குந்திக்கினு மாட்டறேன். உள்ளேர்ந்து கொரலு வந்துச்சி. ‘சாப்டியாடா?’ன்னு. என்னத்தான் கேக்குதுன்னு திரும்பிப் பாத்தேன். ஜன்னல்ல யாரும் இல்ல. சரி, உள்ள யாரையோ கேக்குதுன்னு செயின மாட்டினு போயிட்டேன். டீயோட திரும்பி வரேன், வாசல்ல கூட்டம்.”

“இன்னா கேட்டுச்சி?”

“சாப்டியாடான்னு.”

நான் சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷம். “நைனா, அந்த டா எனக்குப் போட்டது. சின்ன வயசுல என்ன பயமுறுத்த நீ சேத்துக்கினது. கத வேற, நெசம் வேற” என்று கிண்டலாகச் சொன்னேன்.

நைனா என்னை முறைத்தார். “உனக்கு இன்னாத்துக்குடா நான் சேக்கணும்? அது கேட்டத அப்டியே சொன்னேன். சாப்டியாடா. அன்னியிலேர்ந்து இன்னி வரைக்கும் அப்டித்தான் சொல்லினு இருக்கேன்.”

உண்மை. வீட்டில் நைனா எப்போது சொன்னாலும் ‘சாப்டியாடா’தான். எனக்குச் சொல்லும்போது நான் ஆம்பளைப் பிள்ளை என்பதால் ‘டா’ என்று நினைத்துக்கொண்டேன். பேய் ஊர் முழுக்கக் கேட்கவேண்டும், பொம்பளைகளைக் கேட்கவேண்டும், வாத்தியாரைக் கேட்கவேண்டும். எல்லாரையும் டா போட முடியுமா? நான் மட்டுமில்லை, ஊரே அந்த ‘டா’வை உதிர்த்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனை யோவ் என்பாள், நீ என்பாள், சண்டையில் இன்னும் என்னென்னவோ சொல்வாள். ‘டா’ மட்டும் அந்தக் காலத்தில் வாயில் வராது. கீரை விற்கிற பையனுக்கே ‘வாப்பா’ சொன்ன ஒருவர் வாயில் எப்படி வரும்?

“விசாரிக்க வந்தவங்ககிட்ட சொன்னீங்களாண்ணா?”

“சொன்னேன்மா. ‘சாப்டியான்னு கேட்டுச்சா இல்லியா, அத்த சொல்லு’ன்னாரு. கேட்டுச்சின்னேன். டா இருந்துச்சா இல்லியான்னு யாரு கேட்டாங்க? நான் டீ வாங்கப் போனவன்.”

சிங்கவரம் பஸ் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே “ஆச்சு” என்றது தெளிவாகக் கேட்டது.

அக்கா வாசலில் நின்றபடியே உள்ளே திரும்பிப் பார்த்தார். கூடத்துச் சுவரில் மாமா மாலையோடு இருந்தார். கொஞ்சம் முன்னால் கோணல் பார்த்து நேராக்கியவன் நான். பொய்க் கழுத்தைச் சாய்த்து எத்தனை பேரைப் பயமுறுத்தியிருப்பேன்! உண்மையில் பயம் என்றால் என்னவென்று அந்த மீசையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

“எங்க வூட்ல மாமாவ யாரும் சாப்டியான்னு கேக்கக் கூடாது” என்றார் அக்கா. எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. “அவரு பொண்டாட்டி, எங்க அத்தகூடக் கேக்கக் கூடாது. தட்டுல போட்டு வெச்சிட்டு வந்துடணும். அக்கா நெனப்பு வந்துடுதுன்னு சொல்லுவாரு.”

நைனாவுக்கு உதறல் எடுத்துவிட்டது. “அம்மா, ஒரு எழுத்த வெச்சிக்கினு நீ எதுவும் நெனச்சிக்காத. நான் செயின் மாட்டினு இருந்தேன். சரியாக் கேட்டனோ இல்லியோ...”

“சரியாத்தான் கேட்டிருக்கீங்கண்ணா.”

உள்ளே போனார். போட்டோவைக் கழற்றினார். மாலையை எடுக்கவில்லை. பெட்டியில் குப்புற வைத்து மூடினார். என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்த ஆணியப் புடுங்கிடு.”

சுண்ணாம்புச் சுவர். புடுங்கினால் ஆணியோடு ஒரு பெரிய கட்டியும் பெயர்ந்து வந்தது. பட்டி வைத்து அடைத்தேன். பட்டித் தகடு சறுக்கிக்கொண்டே இருந்தது. ஒன்றுக்கு மூன்று தடவை வழித்துப் போட்டேன்.

எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். மாமன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனபின் வேறு யாராவது வந்திருக்கலாம். ஆனால் ‘அந்தப் பக்கமே போகவில்லை’ என்று ஒருவர் ஏன் காலம் பூராவும் அழவேண்டும்? ஏன் கொன்றார், கொன்றாரா, இனிமேல் யாரைக் கேட்பது? அன்றைக்கு மத்தியானம் அந்த அக்காவுக்கு ஒரு அப்பா கிடைத்தார். மடியில் உட்காரவைத்துக் காது குத்தியவர் போய்விட்டார். இரண்டும் நடந்தது ஒரே ‘டா’வில். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மறுநாள் கூட்டாளிக்கு வல்லத்தில் வேறு வேலை. நான் மட்டும் போயிருந்தேன். ஷேர் ஆட்டோவில் அக்கா பெரியவரை அழைத்துவந்தார். மெலிந்த ஆள், கையில் ஒரு மஞ்சள் பை. வேப்பமரம் வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். தெருவில் போனவர்கள் அவரை அடையாளம் தெரியாமல், வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஆச்சு. ஆச்சு.

அக்கா முன்னால் போய் வாசற்படியில் நின்றார். அவருக்கும் தைரியம் வர நேரம் ஆனது.

“சாப்டியாப்பா?”

நான் பட்டித் தகட்டைக் கீழே போட்டுவிட்டேன். அந்த வீட்டு வாசலில் நின்று அப்படிக் கேட்டால் ஊரில் என்ன பதில் வரும் என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியாது. அவர் பேயைக் கேள்விப்பட்டவரே இல்லை.

“இன்னும் இல்லம்மா” என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே வந்தார். தானாகவே ஒரு மூலையைத் தேடிப் போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அதுதான் அவர் உட்காருகிற இடமாக இருந்திருக்கவேண்டும். அக்கா இலை போட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, “நீ?” என்றார். ‘ஆ’ வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“இல்லக்கா.”

கத்திரிக்காய்க் காரக்குழம்பு. பெரியவர் பாதியில் நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

“அங்க மட்டும் இன்னாம்மா ஈரமா இருக்குது?”

“பழைய ஆணி ஒண்ணு இருந்துச்சிப்பா. எடுத்தாச்சு.”

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று கூட்டாளிக்கு வாட்ஸப்பில் எல்லாவற்றையும் பேசி அனுப்பினேன். அந்த வீட்டில் சாப்பிட்டேன், எழுந்தும் வந்துவிட்டேன் என்றேன். கடைசியில், “இனிமே அந்த வூட்டத் தாண்டறப்ப இன்னாடா சொல்றது?” என்று கேட்டேன்.

எப்போதும் பத்து சிரிப்பு பொம்மை அனுப்புகிறவன். அன்றைக்கு ஒரு வரிதான் வந்தது.

“பசிக்குதுன்னு சொல்லு.”